ப்ராபப்ளிங்க

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது அவருடைய வாயில் ஒரே ஒரு சொல் மட்டும் தங்கிவிட்டது. அது எங்கள் மகளின் பெயரல்ல, என் பெயரும் அல்ல, அம்மா என்பதுகூட அல்ல. ப்ராபப்ளி. அதன் பிறகு அவர் உயிரோடு இருந்த மாதங்கள் முழுக்க எங்கள் வீட்டில் பசியும் தாகமும் கோபமும் நன்றியும் அந்த ஒரு சொல்லில்தான் நடந்தன.

அந்தச் சொல் அவருக்குப் புதியதல்ல. பீளமேட்டில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனியில், ஐ.டி.ஐ. முடித்தவுடன் சர்வீஸ் பிரிவில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். பொள்ளாச்சி, உடுமலை, அவினாசி என்று எந்தத் தோட்டத்தில் மோட்டார் நின்றுபோனாலும் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு போவார். பிரித்துப் போட்டு, சரி செய்து, தண்ணீர் வந்த பிறகும் தோட்டக்காரர் கேட்பார், “இனித் தொந்தரவு பண்ணாம ஓடுமுங்களா?” என்று. கூட வருகிற சேல்ஸ் ஆட்கள் “கண்ணை மூடிட்டு ஓட்டுங்க” என்பார்கள். இவர் மட்டும் “ப்ராபப்ளிங்க” என்பார். அந்தச் சொல்லை அவருடைய முதல் மேலாளரிடமிருந்து எடுத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். ‘ங்க’ மட்டும் அவராகச் சேர்த்தது. அவர் யாரிடமும், என்னிடமும்கூட, ‘ங்க’ போடாமல் பேசியதில்லை. சில தோட்டங்களில் அவருக்கு ப்ராபப்ளிக்காரர் என்றே பெயர்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அதையேதான் சொன்னார். காபி குடித்து முடித்ததும், பொண்ணைப் பிடித்திருக்கிறதா என்று என் அப்பா நேராகவே கேட்டுவிட்டார். “ப்ராபப்ளிங்க” என்றார் இவர். அப்பாவுக்குப் புரியவில்லை. அவர்கள் கிளம்பிப் போனதும் வங்கியில் வேலை பார்த்த என் மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டார். பெரும்பாலும் என்று அர்த்தம் என்றார் மாமா. அப்பாவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

“அதென்ன பெரும்பாலும்? எம்புள்ளையில எது புடிக்கலையாமா அந்தப் பையனுக்கு?”

அம்மாதான் சமாதானப்படுத்தினாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள் கழித்து நானே அவரிடம் கேட்டேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டு எப்படி முழுசாகச் சொல்ல முடியும், தெரிஞ்ச அளவுக்குச் சொன்னேன் என்றார். இப்போது முழுசாகச் சொல்லலாமே என்றேன். சிரித்தாரே ஒழியச் சொல்லவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். வீட்டுக்காரர் எதற்கெடுத்தாலும் ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்வது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அநேகமாக என்று அழகான சொல் இருக்கிறதே, அதைச் சொன்னால் என்ன என்று ஒரு தடவை சண்டைக்கே போய்விட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்.

“அநேகமா வருமுங்கன்னு சொன்னா, கேக்கறவங்க காதுல வருமுங்கறது மட்டுந்தான் விழுகுது. நாளைக்கு வரலீன்னா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிருது. ப்ராபப்ளின்னா வராமயும் போகலாம்னு அவங்களுக்கே ஒரு சந்தேகம் இருக்குமுங்க.”

இலக்கணப்படி அதற்குப் பதில் சொல்ல என்னால் முடியும். ஆனால் அவர் சொன்னது காதுகளைப் பற்றி. நம் ஆட்களிடம் அநேகமாக என்று சொன்னால் அவர்கள் இலை போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். அதோடு விட்டுவிட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். கெமிஸ்ட்ரி படித்துவிட்டுப் பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக ஒரு சனிக்கிழமை வந்து சொன்னாள். அவர் கோயமுத்தூர்க்காரர்தான், கிறிஸ்துவர். அவள் பேசி முடிக்கும்வரை இவர் குறுக்கே பேசவில்லை. சத்தமும் போடவில்லை. பையனைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியாக அவள், “கல்யாணத்துக்கு வருவீங்களாப்பா?” என்று கேட்டாள்.

“வரமாட்டேன்” என்றார்.

நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நல்லது கெட்டது எதற்கும் அவர் இப்படி ‘ங்க’ இல்லாமல் அறுத்துப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. அவள் கொண்டுவந்த பையை அப்படியே எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

கல்யாணத்துக்கு நான் போனேன். போகப்போகிறேன் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அன்று காலையில் நான் சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். ஏறி உட்கார்ந்தேன். தேவாலயம் இருந்த தெருவின் முனையில் இறக்கிவிட்டார். உள்ளே மணிச்சத்தம் கேட்டது. “வாங்களேன்” என்றேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் வாசல் பக்கம் பார்த்தாள். பூசை முடியும்வரை அவள் அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்தபடியே இருந்தாள்.

அதன் பிறகு மூன்று வருடம் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சில்லை. நான் போனில் அவளோடு பேசும்போது அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவைப்பார். அதை நான் அவளிடம் சொன்னேன். குறைச்சா ஆச்சா என்றாள். ஒரு தீபாவளி சமயம், நீங்களே ஒரு தடவை கூப்பிட்டுப் பேசினால் என்ன என்று அவரைக் கேட்டேன். “ப்ராபப்ளிங்க” என்றார். அன்றைக்கு எனக்கு அந்தச் சொல்லின்மேல் கொள்ளை ஆசை வந்தது. பேசினாலும் பேசுவார் என்றுதானே அதற்கு அர்த்தம். ஆனால் அந்தத் தீபாவளியும் போயிற்று, அடுத்த பொங்கலும் போயிற்று.

மாசி மாதத்தில் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷைக் கீழே போட்டார். குனிந்து எடுக்கப்போனவர் எழவில்லை. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். வலது கையும் வலது காலும் துவண்டுபோயின. ஐந்தாறு நாள் சத்தமே இல்லை. பிறகு ஒரு மத்தியானம், நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனதும், அவர் என்னைப் பார்த்துத் தெளிவாக, “ப்ராபப்ளி” என்றார். நான் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். பேச்சு வந்துவிட்டது என்று வார்டில் எல்லோரிடமும் சொன்னேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். “ப்ராபப்ளி.” வலிக்கிறதா? “ப்ராபப்ளி.” நான் யாரென்று தெரிகிறதா என்று கேட்டேன். அதற்கும் அதையே சொன்னார். சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவரே திடுக்கிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஓர் இளம்பெண் வந்தாள். அவள்தான் விளக்கினாள். மூளையில் பேச்சு உருவாகிற இடம் அடிபட்டால் சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் நின்றுவிடுமாம். அதிகமாகப் புழங்கிய சொல்லாக இருக்கலாம், கெட்ட வார்த்தையாகக்கூட இருக்கலாம். அவர் நினைக்கிறது வேறாக இருக்கும், வாயில் வருகிறது இது ஒன்றாகத்தான் இருக்கும். “அதனால அந்த வார்த்தைக்கு அர்த்தம் எதுவும் எடுத்துக்காதீங்கம்மா. அது வெறும் சத்தந்தான்” என்றாள். தலையாட்டிச் சொன்னால் புரிந்துகொள்ளலாமே என்றேன். அதுவும் சிலசமயம் மாறிப்போகும், ஆமாம் என்று நினைத்துக்கொண்டு இல்லை என்று ஆட்டுவார்கள், பொறுமையாக இருங்கள் என்றாள்.

வெறும் சத்தம் என்று அவளுக்குச் சொல்வது சுலபம். எனக்கு அது முப்பது வருடமாகக் கேட்ட குரல். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சொல்லை நான் காதால் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். இழுத்துச் சொன்னால் என்னைக் கூப்பிடுகிறார். வேகமாக இரண்டு தடவை சொன்னால் பாத்ரூம். இறக்கிச் சொன்னால் சோறு போதும். இப்படி நானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். பாதி நேரம் தப்பாகப் போகும். போதும் என்று நினைத்துத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவேன், அவர் இடது கையால் கட்டிலைத் தட்டுவார்.

எனக்கு அதிகமாக வலித்தது வேறொன்று. ‘ங்க’ போய்விட்டது. அவருடைய அண்ணன், எண்பது வயதை நெருங்குகிறவர், தோட்டத்திலிருந்து வந்து கட்டிலருகே உட்கார்ந்து, “எப்படி இருக்கற சாமி?” என்று கேட்டார். அண்ணன் முன்னால் உட்காரக்கூடக் கூச்சப்படுகிறவர் இவர். “ப்ராபப்ளி” என்றார் மொட்டையாக. சொன்னதும் முகம் சுருங்கிப் போயிற்று. உதட்டைக் குவித்துக் குவித்து அந்த இரண்டெழுத்துக்காகப் பாடுபட்டார். வரவில்லை. “அட உடுடா” என்று அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மகள் ஆஸ்பத்திரிக்கு முதல் நாளே வந்துவிட்டாள். ஆனால் அப்போது அவருக்கு நினைவு சரியாக இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமைதான் அவர் அவளை முழு நினைவோடு பார்த்தார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. காபிக்கு வைத்த பால் பொங்கிவிடும் என்று அடுப்புப் பக்கம் திரும்பியபோது அவள் கேட்டது காதில் விழுந்தது.

“எம்மேல இன்னும் கோவமுங்களாப்பா?”

“ப்ராபப்ளி” என்றார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் பக்கவாதம் வந்தவர்களுக்கு எதற்கென்றில்லாமல் கண்ணீர் வரும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவள் மெல்லக் கையை எடுத்துக்கொண்டு எழுந்து பின்கட்டுக்குப் போனாள். துணி துவைக்கிற கல்லருகே நின்றிருந்தாள். நான் பின்னாலேயே போய், அவருக்கு வருகிறதே அந்த ஒரு சொல்தான், எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார் என்றேன். தெரியும் என்றாள். தெரிந்தும் கேட்டாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

“இத்தனை நாளு கூட இருக்கறீங்களே, எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க. இப்ப அப்பா சொன்னது ஆமாங்களா, இல்லீங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். ஆனால் அவர் ஒரு மோட்டாருக்குக்கூட அப்படி வாக்குக் கொடுத்ததில்லை. அவர் மனசுக்கு நான் எப்படிக் கொடுப்பது? “எனக்குத் தெரியிலீங்க கண்ணு” என்றேன். அவள் தலையாட்டினாள். முகம் கழுவிக்கொண்டு வந்து அவருக்குக் காபியை ஆற்றிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கவில்லை. ஆனால் வருவதை நிறுத்தவும் இல்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் இருவரும் பெருந்துறையிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார்கள். மாப்பிள்ளை அதிகம் பேசாத பையன். முதலில் இவர் கண்ணில் படாமல் முன்னறையிலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் இவருக்குச் சவரம் செய்யத் தடுமாறிக்கொண்டிருப்பதைப் பார்த்து, கொடுங்க அத்தை என்று ரேசரை வாங்கிக்கொண்டார். கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, மீசையோரம் நறுக்கிவிட்டு, கண்ணாடியைக் காட்டி, சரியா இருக்குதுங்களா மாமா என்றார். இவர் கண்ணாடியில் அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, “ப்ராபப்ளி” என்றார். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவரும் பாதி வாயால் சிரித்தார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சவரம் மாப்பிள்ளையின் வேலையாயிற்று.

பயிற்சிப் பெண் படம் போட்ட அட்டைகளைக் கொடுத்திருந்தாள். தண்ணீர், பூனை, சாவி. மகள் அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லச் சொல்வாள். ஒருநாள் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, “சாமி சொல்லுங்கப்பா” என்றாள். சின்ன வயதிலிருந்து அவர் அவளைக் கூப்பிட்டது அப்படித்தான். அவர் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பல்லுக்கு நடுவே காற்று வந்தது, ‘ஸ்’ என்று ஏதோ கேட்ட மாதிரிகூட இருந்தது. பிறகு ப்ராபப்ளிதான் வந்தது. இடது கையால் அட்டைகளை வாரி வீசிவிட்டார். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அதற்குப் பிறகு அதைச் சொல்லச் சொல்லி அவரைக் கேட்கவில்லை.

நல்ல நாளும் இருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் திடீரென்று ப்ராபப்ளி ப்ராபப்ளி என்று கத்தி, சுவரைக் காட்டினார். தண்ணீர் கொடுத்தேன், தள்ளிவிட்டார். காற்றாடியை வேகமாக வைத்தோம். கண்ணாடி, போன், போர்வை, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தோம். அவர் தலையில் அடித்துக்கொண்டார். மகள்தான் சட்டென்று எங்களை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

“மோட்டாரு காத்து இழுக்குதுங்கம்மா.”

மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றப் போட்ட மோட்டாரை நான் மறந்தே போயிருந்தேன். கீழே தொட்டியில் தண்ணீர் தீர்ந்து அது வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள். அவர் தலையணையில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார். பிறகு இடது கையை நீட்டி அவள் தலைமேல் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். மாப்பிள்ளையும் நானும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். மகளிடமும் அன்று சாயங்காலம் சொன்னேன். அவள், மோட்டாரைக் காப்பாத்துனதுக்குச் சந்தோசப்பட்டாருங்கம்மா, அவ்வளவுதான் என்றாள். அவள் சொன்னதும் சரியாக இருக்கலாம்.

ஐப்பசியில், விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில், இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. அதில் அந்த ஒரு சொல்லும் போய்விட்டது. மூன்றாம் நாள் அவர் போனார். மகளும் மாப்பிள்ளையும் பக்கத்தில் இருந்தார்கள். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

கொள்ளி வைக்க மகளுக்கு உரிமை உண்டு என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொல்லிப்பார்த்தார். இவருடைய அண்ணனுக்கு மறுப்பில்லை, பங்காளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. மழையில் நனைந்துகொண்டு வாசலில் நின்று பேசினார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை, எல்லாமே ‘ங்க’ போட்டுத்தான். ஆனால் முடிவு மாறவில்லை. அண்ணன் மகன் கொள்ளி வைப்பதென்று ஆயிற்று. எல்லோரும் வாய்க்கரிசி போட்டு முடித்த பிறகு கடைசியாக மகளைக் கூப்பிட்டார்கள். அவள் போட்டுவிட்டு, அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தாள்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப்போன மறுநாள். மாப்பிள்ளை முந்தின நாளே வேலைக்குப் போயிருந்தார். மகள் மட்டும் இருந்தாள். காலையிலிருந்து பெரிய பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாடகைப் பாத்திரம், சும்மா அலசிக் கொடுத்தால் போதும் என்றேன். அவள் கேட்காமல் அடிப்பிடித்த அண்டாவுக்குள் கையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு உன்மேல் பாசம்தான், கோபம் எப்போதோ போயிருக்கும் என்று ஏதேதோ பேசினேன். அவர் இல்லாமல் போனபிறகு எனக்குத் தைரியம் வந்திருந்தது.

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

“எல்லாரும் அப்பா என்னை மன்னிச்சாரா இல்லியான்னே பேசறீங்க. நான் அவரை மன்னிச்சனான்னு ஒருத்தருகூடக் கேக்கலீங்கம்மா.”

நான் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. தெருமுனையில் ஸ்கூட்டர் திரும்பியபோது, தேவாலய வாசலைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். மூன்று வருடம் அவளும்தான் பேசாமல் இருந்திருக்கிறாள்.

“மன்னிச்சியா கண்ணு?” என்றேன்.

“இல்லீங்கம்மா” என்றாள். “இன்னும் இல்லீங்க.”

அவள் அழவில்லை. இரண்டு பேருமாக அண்டாவைக் கவிழ்த்து வெயிலில் வைத்தோம். வாடகைக் கடைக்காரர் ஆட்டோவோடு வந்து எல்லாவற்றையும் எண்ணி ஏற்றிக்கொண்டு போனார். அவள் மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. சாயங்காலம் காந்திபுரம் வரை போய் பெருந்துறை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்ணாடியைத் தள்ளித் திறந்து, போன சனிக்கிழமையிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை, போனதும் ஒரு தோசையாவது ஊற்றிச் சாப்பிட வேண்டும் என்று சொன்னாள். சரி என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள். பஸ் நகர்ந்து, முன்னால் நின்ற இரண்டு டவுன் பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றது. அதுவரை நானும் நின்றேன்.